வாசிப்புப் பட்டறை என்றால் என்ன? நடுநிலை வகுப்பில் அதை நடத்துவது எப்படி?

நடுநிலைப் பள்ளியில் ஒரு தமிழ்ப் பாடவேளை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் 40 பிள்ளைகள். உரைநடைப் பாடம் நடக்கும் நாளில் ஒரு பிள்ளை எழுந்து நின்று ஒரு பத்தியை உரக்கப் படிக்கும். மற்றவர்கள் வரியின்மேல் விரல் வைத்துத் தொடர்வார்கள். அடுத்த பத்திக்கு அடுத்த பிள்ளை. முழுப் பாடவேளையையும் இதற்கே கொடுத்து எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டாலும் ஒருவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். நடைமுறையில் அந்த நிமிடங்களும் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஐந்தாறு பேருக்கே போய்ச் சேர்கின்றன. மீதி நேரத்தில் ஆசிரியர் விளக்குகிறார், அருஞ்சொற்பொருள் எழுதிப் போடுகிறார், வினா விடைகளைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறார். இவையும் வேண்டியவைதாம். ஆனாலும் மணி அடிக்கும்போது பார்த்தால், அந்த 40 பேரில் பெரும்பாலோர் தாமாக ஒரு பக்கம்கூட வாசித்திருக்க மாட்டார்கள். வாசிக்கக் கற்றுத்தரும் வகுப்பில் வாசிப்பதற்கே நேரம் இல்லாத இந்த நிலையை மாற்றுவதற்காக எழுந்த வகுப்பறை முறைதான் வாசிப்புப் பட்டறை.

பட்டறை என்றதும் நம்மில் பலருக்கு மேடை, பதாகை, தேநீர் இடைவேளை, முடிவில் சான்றிதழ் என்று ஒரு நாள் நிகழ்ச்சி நினைவுக்கு வரும். இங்கே அந்தப் பொருளை ஒதுக்கி வைத்துவிட்டுத் தச்சுப் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே தொழில் பழக வரும் பையனை உட்காரவைத்து யாரும் மரத்தைப் பற்றி விரிவுரை ஆற்றுவதில்லை. ஆசாரி அவன் கையில் இழைப்புளியைக் கொடுத்து ஒரு பலகையை இழைக்கச் சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கிறார். சற்று நேரம் கழித்து வந்து நின்று, “ரேகைக்கு எதிரா தள்ளுற, பலகையைத் திருப்பிப் போடு” என்கிறார். அன்றைய பாடம் அவ்வளவுதான். பையன் அதை அடுத்த ஒரு மணி நேரம் கையால் செய்து பார்க்கிறான். வாசிப்புப் பட்டறையின் அமைப்பும் இதுவே. பிள்ளைகள் ஒவ்வொருவரும் தாமே தேர்ந்தெடுத்த புத்தகத்தை வகுப்பறையிலேயே வாசிக்கிறார்கள். ஆசிரியர் ஒவ்வொருவர் பக்கத்திலும் சென்று அமர்ந்து, அந்தப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் தேவையான ஒன்றை மட்டும் சொல்லித் தருகிறார். வாரத்தில் சில நாள், ஆண்டு முழுவதும், ஒரே ஒழுங்கில் இது நடக்கிறது.

இந்த முறை அமெரிக்காவிலிருந்து வந்தது. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் கிரேவ்ஸ், பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர்களோடு பேசி எழுத்தைக் கற்பிக்கும் முறையை முன்வைத்தார். அதன் தாக்கத்தில், மெய்ன் மாநிலத்தில் எட்டாம் வகுப்புக்கு மொழிப்பாடம் நடத்திவந்த நான்சி ஆட்வெல் என்ற ஆசிரியை, எழுத்துக்குப் பொருந்துவது வாசிப்புக்கும் பொருந்துமல்லவா என்று எண்ணி அதைத் தம் வகுப்பில் செய்துபார்த்தார். தம் வீட்டு உணவு மேசையைச் சுற்றி அமர்ந்து நண்பர்கள் புத்தகங்களைப் பற்றிப் பேசும் பேச்சு தம் வகுப்பறையில் ஏன் இல்லை என்பது அவர் தம்மையே கேட்டுக்கொண்ட கேள்வி. 1987இல் அவர் எழுதி வெளியிட்ட நூல் நடுநிலை வகுப்பு ஆசிரியர்களிடையே இம்முறையைப் பரப்பியது. 1990இல் எட்ஜ்கோம்ப் என்னும் ஊரில் சொந்தமாக ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். 2015இல் முதல் முறையாக வழங்கப்பட்ட உலக ஆசிரியர் பரிசு அவருக்குக் கிடைத்தது; பரிசுத் தொகையான 10 லட்சம் டாலரைத் தம் பள்ளிக்கே கொடுப்பதாக அறிவித்தார். அவர் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுக்குச் சராசரியாக 40 புத்தகங்கள் வாசிப்பதாக அப்போது செய்திகளில் வந்தது. வகுப்புக்குச் சில பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் புத்தகங்களும் உள்ள இடத்தின் எண் அது. புதிதாகத் தொடங்கும் நம் ஊர் ஆசிரியர் அந்த எண்ணை அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஓர் ஆண்டில் ஒரு பிள்ளை தானாக எடுத்து முடித்த முதல் முழுப் புத்தகமே பெரிய செய்தி என்பது என் கருத்து.

நாற்பது நிமிடத்தின் கணக்கு

பாடவேளையின் முதல் 8 முதல் 10 நிமிடம் குறும்பாடம். ஆசிரியர் வாசிப்பில் பயன்படும் ஒரே ஒரு செய்தியை எடுத்து, கரும்பலகையில் இரண்டு மூன்று வரிகளை எழுதிச் செய்துகாட்டுகிறார். அடுத்த 25 நிமிடம் தனிவாசிப்பு. இதுதான் பட்டறையின் உடல். மற்றவை இதற்குத் துணை. கடைசி 5 நிமிடம் பகிர்வு. ஒருவர் இருவர் எழுந்து தாம் வாசித்ததில் வியந்ததையோ புரியாமல் நின்ற இடத்தையோ சொல்கிறார்கள். நேரம் போதாத நாளில் குறும்பாடத்தையும் பகிர்வையும் சுருக்கலாம். 25 நிமிடத்தில் கை வைக்கக் கூடாது. கை வைத்தால், பேசுவதற்கு எப்போதும் ஏதாவது இருக்கும் ஆசிரியத் தொழிலில், அது 15 ஆகி, 10 ஆகி, மீண்டும் பழைய வகுப்பாக மாறிவிடும்.

வாரத்தில் எத்தனை நாள் என்பது பள்ளியைப் பொறுத்தது. நான் ஏழாம் வகுப்பில் மூன்று பாடவேளைகளை ஒதுக்குகிறேன். கால அட்டவணையில் உள்ள நூலகப் பாடவேளை அவற்றில் ஒன்று. பாடத்திட்டம் முடியுமா என்ற கவலை இயல்பானது. ஆனால் ஒரு பத்தியைத் தானாகப் படித்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு உரைநடைப் பாடம் நடத்த ஆகும் நேரம் குறைந்துவிடுகிறது என்பதை இரண்டாம் பருவத்திலேயே காண முடிந்தது.

புத்தகங்கள் எங்கிருந்து வரும்?

புத்தகம் இல்லாமல் பட்டறை இல்லை. பள்ளியில் புத்தகங்கள் இருப்பதும் பிள்ளையின் கைக்கு எட்டுவதும் வேறு வேறு. தலைமை ஆசிரியர் அறையின் இரும்பு அலமாரிக்குள், தணிக்கையில் எண்ணிக்கை குறையக் கூடாது என்பதற்காகப் பூட்டிவைக்கப்பட்ட புத்தகங்கள் பல பள்ளிகளில் உண்டு. 1892இல் சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அலமாரிச் சாவியைக் கேட்கப் போகும் ஆசிரியருக்கு அந்த ஒரு வரியே போதிய துணை. புத்தகங்கள் வகுப்பறைக்குள் வர வேண்டும். முன்னட்டை தெரியும்படி இருக்க வேண்டும். அலமாரி இல்லாவிட்டால் சன்னலுக்குச் சன்னல் ஒரு கொடி கட்டி, துணி காயப்போடுவதுபோல் நடுப்பக்கத்தை விரித்துப் போட்டாலே போதும்.

தொடக்கத்தில் தலைக்கு மூன்று புத்தகம் என்ற கணக்கில், 40 பேருக்கு 120 புத்தகங்கள் இருந்தால் வண்டி ஓடும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் வந்துள்ளன. நடுநிலை வகுப்புகளுக்கான தேன்சிட்டு இதழ்களைச் சேர்த்து வைத்தால் அதுவே ஒரு தொகுப்பு. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளைக் கட்டணமின்றித் தரவிறக்கி அச்செடுத்துத் தைத்துக்கொள்ளலாம். கிளை நூலகத்தில் உறுப்பினரானால் மாதந்தோறும் சில புதிய தலைப்புகளைக் கொண்டுவந்து வைக்கலாம். எல்லாம் கதையாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. என் வகுப்பில் கதைப்புத்தகத்தைத் தொடாத இரண்டு பையன்கள் பாம்புகளைப் பற்றிய ஒரு சிறு நூலை மாற்றி மாற்றி மூன்று முறை வாசித்தார்கள். அதில் வரும் கண்ணாடிவிரியனுக்கும் சுருட்டைவிரியனுக்கும் உள்ள வேறுபாட்டை இன்றைக்குக் கேட்டாலும் சொல்வார்கள்.

புத்தகம் தொலையும், கிழியும். அதற்கு ஒரு பதிவேட்டைப் பிள்ளைகளே வைத்துக்கொள்ளட்டும்: பெயர், புத்தகம், எடுத்த நாள், கொடுத்த நாள். ஓர் ஆண்டில் நூற்றில் ஐந்தாறு தொலைவதைச் செலவாக எடுத்துக்கொள்ளும் மனம் ஆசிரியருக்கும் தலைமை ஆசிரியருக்கும் இருக்க வேண்டும். தண்டத்தொகை வாங்கத் தொடங்கினால் புத்தகம் தொலையாது. யாரும் எடுக்கவும் மாட்டார்கள்.

தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்கே. ஆனால் தேர்ந்தெடுக்கக் கற்றுத்தரவும் வேண்டும். ஒரு பக்கத்தைத் திறந்து வாசித்து, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கு. ஐந்து விரலும் மடங்கினால் இப்போதைக்கு வேறு புத்தகம் எடு என்ற ஐந்துவிரல் சோதனை உலகெங்கும் வழக்கில் உள்ளது. தமிழில் அதைச் சற்றுத் திருத்திப் பயன்படுத்த வேண்டும். ‘கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்ற சொல்லில் பிள்ளைக்குத் தெரியாதது எதுவும் இல்லை. கேட்டு, கொண்டு, இருந்தவர்களுக்கு, எல்லாம் என்று பிரித்துச் சொன்னால் எல்லாம் தெரிந்ததே. எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிக்கும் பிள்ளை அந்த நீளத்தைக் கண்டு விரலை மடக்கிவிடும். ஆகவே, பொருள் தெரியாத சொல்லுக்கு மட்டும் விரலை மடக்கு, நீளமான சொல்லுக்கு மடக்காதே என்று சொல்லிக்கொடுக்கிறேன். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைத்துவிடும் உரிமையும் உண்டு; இருபது பக்கம் வரை பார்த்துவிட்டு வை என்பது மட்டுமே என் நிபந்தனை.

குறும்பாடத்தில் எதைச் சொல்வது?

புதியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பாடநூலில் பாடம் தயாராக இருக்கிறது. குறும்பாடத்துக்கு நூல் இல்லை. பிள்ளைகள் எந்த இடத்தில் நிற்கிறார்களோ அதுவே குறும்பாடம். மேலே சொன்ன நீண்ட சொற்களைப் பிரித்துப் படிக்கும் முறையே ஒரு வாரத்துக்கு வரும். ‘வந்துக்கிட்டிருந்தான்’ என்று வீட்டில் பேசும் பிள்ளை ‘வந்துகொண்டிருந்தான்’ என்ற எழுத்து வடிவத்தைப் புத்தகத்தில் பார்க்கும்போது ஒரு கணம் அயர்கிறது. பேச்சு வடிவத்தையும் எழுத்து வடிவத்தையும் அடுத்தடுத்து எழுதி இரண்டும் ஒன்றே என்று காட்டுவது இன்னொரு குறும்பாடம். நம் எழுத்தில் ஒரே ‘ப’ இரண்டு ஒலிகளுக்கு நிற்கிறது. ‘பாவம், அந்த நாய்க்குட்டி’ என்பதையும் ‘அவள் முகத்தில் எந்தப் பாவமும் இல்லை’ என்பதையும் கரும்பலகையில் எழுதி, எந்த இடத்தில் எப்படி ஒலிப்பது, எப்படித் தெரிந்துகொண்டாய் என்று கேட்டால், வாக்கியத்தின் பொருளை வைத்துச் சொல்லை முடிவுசெய்யும் பழக்கம் பிள்ளைகளுக்கே புலப்படும்.

எனக்கு மிகவும் பிடித்த குறும்பாடம் ஒன்று உண்டு. கதையில் இருவர் பேசிக்கொள்ளும் பகுதியில் யார் பேசுகிறார் என்பது நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிக்கடி குழம்பும், ஏனெனில் தமிழில் எழுவாயைச் சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். ‘“எனக்கு வேண்டாம்.” திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.’ பெயர் எங்கும் இல்லை. ஆனால் ‘நடந்தாள்’ என்பதன் கடைசியில் வரும் ‘ஆள்’ பேசியவர் பெண் என்று சொல்லிவிடுகிறது. ஆன், ஆள், ஆர், அது என்று இலக்கணப் பாடத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த விகுதிகள் இங்கே துப்பறியும் கருவிகளாக மாறுகின்றன. பால் காட்டும் விகுதி எதற்கு என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. அந்தப் பாடத்துக்குப் பிறகு அதைக் கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

குறும்பாடத்தில் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் ஆசையை அடக்க வேண்டும். அது தொடங்கினால் பத்து நிமிடம் இருபதாகிவிடும். செய்துகாட்டி, இன்று உங்கள் புத்தகத்தில் இப்படி ஓர் இடம் வருகிறதா என்று பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவதே நல்லது.

பக்கத்தில் அமர்ந்து பேசுதல்

பட்டறையின் உண்மையான கற்பித்தல் இந்தப் பகுதியில்தான் நிகழ்கிறது. தனிவாசிப்பு நடக்கும் 25 நிமிடத்தில் ஆசிரியர் விடைத்தாள் திருத்துவதோ பதிவேடு எழுதுவதோ கூடாது. முதல் ஐந்து நிமிடம் தாமும் ஒரு புத்தகத்தை எடுத்து வாசித்து, வகுப்பு அமைதியான பின் எழுந்து ஒரு பிள்ளையின் பக்கத்தில் போய் அமர வேண்டும். நின்றுகொண்டு குனிந்து கேட்டால் அது விசாரணையாகத் தோன்றும். பிள்ளையின் கண்மட்டத்தில், முக்காலியிலோ பெஞ்சு ஓரத்திலோ தரையிலோ உட்கார வேண்டும். குரல் இருவருக்கு மட்டும் கேட்க வேண்டும். ஒருவருக்கு நான்கைந்து நிமிடம். ஒரு பாடவேளையில் நான்கு பேர். வாரத்துக்கு மூன்று பாடவேளை என்றால் 12 பேர். 40 பேரையும் ஒரு சுற்று பார்த்து முடிக்க மூன்றரை வாரம் ஆகும். நெடுநாளாகத் தோன்றினாலும், வழக்கமான வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளையிடம் ஆசிரியர் தனியாக நான்கு நிமிடம் பேசுவது ஒரு பருவத்தில் எத்தனை முறை நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் இது பெரிது என்று விளங்கும்.

முதல் ஆண்டில் நான் இதைத் தவறாகச் செய்தேன். மேசைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே, “கதை என்ன, சொல்லு” என்று கேட்டேன். பிள்ளைகள் எழுந்து நின்று கதைச்சுருக்கம் ஒப்பித்தார்கள், வகுப்பே கேட்டது, படிக்காதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு ஒப்பித்தார்கள். வாசித்தார்களா என்று சோதிப்பதில் என் நேரம் போயிற்று; எப்படி வாசிக்கிறார்கள் என்று ஒருவரைப் பற்றியும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்பில் ஒரு பையன் அலமாரியிலேயே தடித்த புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டான். மூன்று வாரமாகச் சீரான இடைவெளியில் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். அந்தச் சீர்தான் எனக்கு ஐயத்தைக் கொடுத்தது, ஏனென்றால் உண்மையாக வாசிப்பவர் சில பக்கங்களில் நின்றுவிடுவார், சிலவற்றில் ஓடுவார். ஒரு நாள் முக்காலியைப் போட்டு அவன் பக்கத்தில் அமர்ந்து, “இந்தப் பக்கத்துல யாருப்பா பேசுறது?” என்று கேட்டேன். பக்கத்தைப் பார்த்துவிட்டு, “இந்தத் தாத்தா, டீச்சர்” என்றான். படத்தில் தாத்தா இருந்தார், பேசிக்கொண்டிருந்தது பேத்தி. “இந்த ரெண்டு வரியை மட்டும் படிச்சுக் காட்டுறியா? எனக்குக் கேட்டாப் போதும்” என்றேன். ‘கூப்... பிட்... டுக்... கொண்...’ என்று அவன் வரியின் கடைசிக்கு வரும்போது வரியின் தொடக்கம் அவனிடமிருந்து நழுவிப் போயிருந்தது. என் கட்டைவிரலால் அந்தச் சொல்லின் பின்பாதியை மறைத்தேன். “கூப்பிட்டு” என்றான் உடனே. விரலை எடுத்தேன். “கொண்டிருந்தாள்.” “யாரு கூப்பிட்டுக்கொண்டிருந்தா?” சற்று நேரம் வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். “பேத்தி, டீச்சர். ‘தாள்’னு முடியுதே.” இன்னும் நான்கு வரிகளில் அவனே விரலை வைத்து மறைத்து மறைத்துப் படித்தான். எழுந்திருக்கும் முன், இந்தப் புத்தகத்தை ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். “எல்லாரும் பெருசா வச்சிருக்காங்க” என்றான், பக்கத்து பெஞ்சைப் பார்த்தபடி.

அவனிடம் அதைத் திருப்பி வை என்று நான் சொல்லவில்லை. மறுநாள் நானே 16 பக்கமுள்ள ஒரு சிறு நூலை எடுத்து வந்து, முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் பார்க்க வாசித்தேன். பகிர்வு நேரத்தில் அதில் எனக்குப் பிடித்த இடத்தைச் சொன்னேன். இன்னும் நான்கைந்து மெல்லிய நூல்களை அறிமுகம் செய்து கொடியில் மாட்டினேன். அந்த வாரம் ஏழெட்டுப் பேர் மெல்லிய நூலுக்கு மாறினார்கள், அவனும் அவர்களோடு மாறினான். அடுத்த இரண்டு வாரத்தில் நான்கு புத்தகங்களை முடித்தான். கூச்சம் எவ்வளவு பெரிய தடை என்பது நடுநிலை வகுப்பில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில், படிக்கத் தெரியவில்லை என்று மற்றவர் அறிவதைவிடப் படிக்கவே மாட்டான் என்று பெயர் வாங்குவது மேல் என்று ஒரு பிள்ளை நினைத்துவிடும்.

நன்றாக வாசிக்கும் பிள்ளையோடும் பேச வேண்டும். அவர்களுக்கு உதவி தேவையில்லை என்று விட்டுவிடுவது தவறு. ஆடு மேய்க்கும் சிறுவனைப் பற்றிய கதையொன்றை வாசித்த மாணவி, “இவன் நல்லவன் இல்ல டீச்சர், அம்மாகிட்ட பொய் சொல்றான்” என்றாள். எந்த இடத்தில் அப்படித் தோன்றியது என்று கேட்டேன், பக்கத்தைக் காட்டினாள். அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஆடு என்னவாகியிருக்கும் என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிட்டேன். மறுநாள் அவள் நான் கேட்காமலே வந்து, “விற்றிருப்பாங்க. ஆனாலும் பொய் பொய்தான்” என்றாள். அந்த ‘ஆனாலும்’ வரவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

எழுந்தவுடன் இரண்டு வரி குறித்துக்கொள்வது மிகவும் தேவை. ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம்: நாள், புத்தகம், பக்க எண், என்ன கவனித்தேன், என்ன சொல்லிக்கொடுத்தேன். ஒரே குறை ஆறேழு பேரின் பக்கங்களில் வருமானால் அடுத்த வாரக் குறும்பாடம் கிடைத்துவிட்டது.

எழுத்துக் கூட்டவே தெரியாத பிள்ளைகள்

இதைச் சொல்லாமல் வாசிப்புப் பட்டறையை யாருக்கும் பரிந்துரைக்கக் கூடாது. ஏழாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துகளைக் கூட்டிப் படிக்க இயலாத பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் புத்தகத்தைக் கொடுத்து 25 நிமிடம் அமைதியாக இரு என்றால், 25 நிமிடம் சும்மா இருக்கப் பழக்குகிறோம் என்றே பொருள். அமெரிக்காவில் இம்முறை மீது எழுந்த கடுமையான விமர்சனமும் இதைச் சார்ந்ததுதான். அங்கு தேசிய வாசிப்புக் குழு 2000இல் வெளியிட்ட அறிக்கை, வழிகாட்டலும் மறுமொழியும் இல்லாமல் பிள்ளைகளை மௌனமாக வாசிக்கவிடுவது மட்டுமே சரளத்தை வளர்க்கும் என்பதற்குப் போதிய ஆய்வுச் சான்று இல்லை என்றது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் கல்லூரியில் லூசி கால்கின்ஸ் தலைமையில் பல்லாண்டுகள் இயங்கி, பட்டறை முறையைத் தொடக்க வகுப்புகளுக்குக் கொண்டுசென்ற திட்டம், எழுத்தொலி கற்பித்தலுக்கு உரிய இடம் தரவில்லை, தெரியாத சொல்லைப் படத்தையும் சூழலையும் வைத்து ஊகிக்கச் சொல்கிறது என்ற விமர்சனங்களைச் சந்தித்தது. 2023இல் கல்லூரி அதை மூடியது.

அந்த விமர்சனத்தை நான் ஏற்கிறேன். தாத்தாவின் படத்தைப் பார்த்துத் தாத்தா பேசுகிறார் என்று சொன்ன அந்தப் பையன் செய்தது அப்படிப்பட்ட ஊகம்தான். தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்துகள் இருந்தாலும், 12 உயிரும் 18 மெய்யும் அவை சேரும் முறையும் பிடிபட்டால் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெரிதும் ஒழுங்கானது. ஏழாம் வகுப்பில் தொடங்கினாலும் சில மாதங்களில் கற்றுவிடலாம். கொ, கோ என்று எழுத்துக்கு இருபுறமும் குறி வருபவை, ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு வேறுபாடு, ணகர னகர நகரங்கள் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் சிக்கல். அத்தகைய ஐந்தாறு பேரைத் தனிவாசிப்பு நேரத்தில் ஒரு மூலைக்கு அழைத்து, நாள்தோறும் 15 நிமிடம் நேரடியாக எழுத்தும் ஒலியும் கற்பித்து, அன்று கற்ற எழுத்துகளால் ஆன சிறு பத்தியை வாசிக்கச் செய்ய வேண்டும். மீதிப் பத்து நிமிடம் அவர்களும் தமக்குப் பிடித்த ஒரு நூலை வைத்திருக்கட்டும். நன்றாக வாசிக்கும் தோழனோ தோழியோ பக்கத்தில் அமர்ந்து வாசித்துக் காட்டட்டும். கதைக்காக ஏங்குவதற்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதல் மூன்று வாரம்

முதல் நாளிலேயே 25 நிமிடம் அமைதியை எதிர்பார்க்க வேண்டாம். முதல் வாரம் ஆசிரியர் உரக்க வாசித்துக் காட்டுவதற்கு. ஒரு நல்ல கதையை எடுத்து, சுவையான இடத்தில் நிறுத்தி, புத்தகத்தைக் கொடியில் மாட்டிவிட்டுப் போய்விட வேண்டும். அடுத்த நாள் அதற்கு நடக்கும் போட்டியிலிருந்து பட்டறை தானே தொடங்கும். இரண்டாம் வாரம் 8 நிமிடம் தனிவாசிப்பு. பிள்ளைகள் நெளியத் தொடங்கும் முன்பே நிறுத்திவிட வேண்டும். “இன்னும் கொஞ்ச நேரம் டீச்சர்” என்று ஒருவர் கேட்கும்போது இரண்டு நிமிடம் கூட்டலாம். மூன்றாம் வாரத்தில் 15, பிறகு மெல்ல 25.

எழுதச் சொல்வதில் நிதானம் தேவை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் கதைச்சுருக்கம், கதைமாந்தர் பட்டியல், கதை தரும் நீதி என்று எழுத வைத்தால் பிள்ளைகள் விரைவில் மிகச் சிறிய புத்தகமாகப் பார்த்து எடுப்பார்கள். ஆட்வெல் தம் மாணவர்களைப் புத்தகத்தைப் பற்றித் தமக்குக் கடிதம் எழுதச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். இரண்டு வாரத்துக்கு ஒரு கடிதம் என்ற அளவில் அதை நம் வகுப்பிலும் செய்யலாம். ஒரு நாளைக்கு நான்கு பதில், ஒவ்வொன்றும் மூன்று வரி. பிழையைச் சிவப்பு மையில் சுழிக்காமல், பிள்ளை தவறாக எழுதிய சொல்லைப் பதிலில் சரியாக எழுதிவிட்டாலே பலர் அடுத்த கடிதத்தில் திருத்திக்கொள்கிறார்கள்.

ஆய்வுக்கு வரும் அலுவலரோ எட்டிப் பார்க்கும் பெற்றோரோ, பிள்ளைகள் கதைப்புத்தகம் படிக்கிறார்கள், ஆசிரியர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார், பாடம் எப்போது நடக்கும் என்று கேட்கக்கூடும். அப்போது அந்தக் குறிப்பு நோட்டை விரித்துக் காட்டலாம். தம் பிள்ளையின் பக்கத்தைப் படித்துப் பார்த்த பெற்றோர் யாரும் என்னிடம் இரண்டாம் முறை அக்கேள்வியைக் கேட்டதில்லை.

பருவ முடிவில் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒருவரும் எடுக்காத புத்தகங்களைத் தனியாகப் பிரிக்கிறேன். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது ரங்கநாதனின் மூன்றாவது விதி. சென்ற பருவத்தில் அப்படி ஒன்பது நூல்கள் தேறின. இரண்டில் எழுத்து மிகச் சிறியது, ஒன்றில் அட்டை இல்லை. அவற்றை நூலகத்துக்கே அனுப்பிவிட்டேன். மீதி ஆறில் ஒவ்வொன்றாக எடுத்து, திங்கட்கிழமை குறும்பாடத்துக்குப் பதிலாக முதல் இரண்டு பக்கங்களை உரக்க வாசித்துக் காட்டினேன். ஐந்து நூல்கள் அந்தந்த நாளே பதிவேட்டில் ஏறிவிட்டன. ஒன்று இன்னும் கொடியில் இருக்கிறது. கிணறு தோண்டுபவர்களைப் பற்றிய புத்தகம் அது. வரும் ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வரப்போகும் பிள்ளைகளில் ஒருத்தியின் அப்பா கிணறு வெட்டும் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.